48 பிரேம் படம் ஏன் சீரியல் மாதிரி தெரிகிறது?

ஜனவரி 8, 2023, கேள்வி

"இரண்டாவது அவதார் பார்த்துவிட்டு வந்தேன். தண்ணீருக்கு அடியில் நடப்பதெல்லாம் கண்ணாடித் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பது போல அவ்வளவு தெளிவு. ஆனால் நடுநடுவே படம் திக்கியது. பக்கத்து இருக்கைக்காரர் புரொஜெக்டர் கோளாறு என்றே முடிவுகட்டிவிட்டார். என் கட்சி இதுதான்: நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப்படங்கள், பார்த்துப் பார்த்து நம் கண் கெட்டுப்போயிருக்கிறது. 48ஐயும் 60ஐயும் பார்த்து 'சீரியல் மாதிரி இருக்கு' என்பது வெறும் பழக்கதோஷம். அடுத்த தலைமுறை 24ஐத்தான் கிண்டல் செய்யும். மறுக்கிறவர்கள் மறுக்கலாம்."

ஜனவரி 8, இரவு

மறுக்க ஆள் தேடுகிறீர்கள், நானோ உங்கள் கட்சி.

முதலில் புரொஜெக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பிரதி முழுக்க 48 வேகத்தில்தான் ஓடுகிறது. ஆனால் ஜேம்ஸ் கேமரூன் எல்லாக் காட்சியையும் உண்மையான 48ஆக விடவில்லை. நீருக்கடியில், பறக்கும்போது என்று சில இடங்களில் 48 தனித்தனி பிரேம்கள். சும்மா நின்று பேசும் இடங்களில் 24தான், ஒவ்வொரு பிரேமும் இரண்டு தடவை வருகிறது. வழவழவென்று போய்க்கொண்டிருந்த கண் சட்டென்று பாதிக்கு இறங்கினால் திக்கத்தான் செய்யும்.

பழக்கம்தான் என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது. 2012 டிசம்பரில் பீட்டர் ஜாக்சனின் முதல் ஹாபிட் படத்தை 48 பிரேம் 3டியில் பார்த்தேன். முதல் இருபது நிமிடம் எல்லாரும் இரண்டு மடங்கு வேகத்தில் நடப்பது போல, யாரோ ரிமோட்டில் ஃபார்வர்டு பொத்தானை லேசாக அழுத்திவிட்டது போல இருந்தது. கோப்பையை மேசையில் வைப்பதுகூட அவசரமாகத் தெரிந்தது. அப்புறம் எப்போது என்று தெரியாமலே அது போய்விட்டது. இடைவேளைக்குப் பிறகு வேகம் பற்றிய நினைப்பே இல்லை. பழக்கம் இல்லையென்றால் இது எப்படிப் போயிருக்கும்? கண் தொடர்ச்சியாக உணர்வதற்குக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்று பார்த்து ஒரு காலத்தில் 24 வைத்தார்கள், அதைத் தாண்டிப் போக இப்போது வசதி வந்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம்.

ஜனவரி 9

நேற்றைய கடைசி வாக்கியம் தப்பு. தூக்கக் கலக்கத்தில் பள்ளிக்கூடத்தில் கேட்டதை எழுதிவிட்டேன்.

24க்குக் காரணம் கண் இல்லை, காது. ஊமைப் படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள், நொடிக்கு 16, 18, 20 என்று ஆளுக்கு ஏற்ப, சோம்பலுக்கு ஏற்ப மாறும். படம் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ போனால் யாரும் செத்துவிடப் போவதில்லை. 1920களின் கடைசியில் பேச்சு வந்ததும் இந்தத் தாராளம் முடிந்தது. வேகம் மாறினால் குரல் கீச்சென்று ஏறும், இல்லையென்றால் தொண்டை கட்டியதுபோல இறங்கும். ஒரே சீரான வேகம் வேண்டும் என்றாகி நிமிடத்துக்கு 90 அடி என்று நிலைத்தது. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம். 90ஐ 16ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் 24. இன்னும் வேகமாக ஓட்டினால் ஒலி நன்றாக இருந்திருக்கும், ஆனால் ஃபிலிம் செலவு ஏறும். நாம் சினிமாவின் ஆன்மா என்று கொண்டாடும் எண் கணக்குப்பிள்ளையும் ஒலிக்காரரும் உட்கார்ந்து பேரம் பேசி முடித்தது.

இதனால் என் கட்சி பலப்படுகிறது என்றே நினைக்கிறேன். புனிதம் எதுவும் இல்லை.

ஜனவரி 9, சற்று நேரம் கழித்து

ஊமைப் படங்களில் ஏன் எல்லாரும் குடுகுடுவென்று ஓடுகிறார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 16, 18இல் எடுத்ததை 24இல் ஓட்டுவதால். அந்தக் காலத்திலேயே எடுத்த வேகத்தைவிடக் கூட்டி ஓட்டிய அரங்குகளும் உண்டு, நாளைக்கு ஒரு காட்சி கூடுதலாகப் போடலாம் அல்லவா.

இன்னொருவர் "ஹை ஸ்பீடு" என்பதைக் குழப்பிக்கொண்டிருக்கிறார். படப்பிடிப்பில் "ஹை ஸ்பீடுல எடு" என்றால் ஸ்லோ மோஷன்: 96 பிரேமில் எடுத்து 24இல் ஓட்டுவது. இங்கே பேசுவது 48இல் எடுத்து 48இலேயே ஓட்டுவது. பெயர் ஒன்று, வேலை நேர் எதிர்.

ஜனவரி 15

வாய்ப்பேச்சு போதும் என்று வீட்டில் சோதனையே செய்துவிட்டேன். போனில் அக்காவை இரண்டு தடவை எடுத்தேன், மாடிப்படியில் இறங்கி வந்து கதவைத் திறக்கும் ஒரே காட்சி, ஒன்று 24, ஒன்று 60. எது எது என்று சொல்லாமல் டிவியில் போட்டு அம்மாவிடமும் அக்கா மகளிடமும் கேட்டேன். இருவருமே 60ஐத்தான் நல்லா இருக்கு என்றார்கள். 24ஐப் பார்த்து அம்மா சொன்னது: "இது ஏன் வெட்டி வெட்டி வருது, போன் பழசாயிடுச்சா?"

வழக்கு முடிந்தது. தீர்ப்பு நமக்கே.

ஜனவரி 16

வழக்கு முடியவில்லை. ஒளிப்பதிவு தெரிந்த நண்பர் ஒருவரிடம் பெருமையாக இதைச் சொன்னேன், அவர் கேட்ட முதல் கேள்வி "ஷட்டர் எவ்வளவு வைத்தாய்?" ஒவ்வொரு பிரேமுக்கும் ஒளியை உள்ளே விட்டு மூடும் கதவுதான் ஷட்டர். நான் எதுவும் வைக்கவில்லை, போனே வைத்துக்கொண்டது. பட்டப்பகல் வெளிச்சத்தில் போன் ஒவ்வொரு பிரேமையும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் திறந்திருக்கிறது.

இது ஏன் முக்கியம் என்றால், சினிமாவில் 24 பிரேம் எடுக்கும்போது வழக்கமாக ஷட்டர் 180 டிகிரி, வட்டத்தில் பாதி திறப்பு, அதாவது ஒவ்வொரு பிரேமும் 1/48 நொடி திறந்திருக்கும். அந்த நேரத்தில் நகரும் கை கொஞ்சம் இழுபட்டுப் பதிவாகும். அந்த இழுபடல்தான் ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பூசி மெழுகுகிறது. என் போன் எடுத்தது 24 கூர்மையான புகைப்படங்கள். வெட்டி வெட்டி வராமல் என்ன செய்யும்? நல்ல வெயிலில் 1/48 வைக்க வேண்டுமென்றால் லென்ஸுக்கு முன்னால் என்.டி. ஃபில்டர் போட வேண்டும், கேமராவுக்குக் கூலிங் கிளாஸ் போடுவது மாதிரி.

ஜாக்சன் இதற்கு நடுவழி ஒன்று பிடித்திருக்கிறார். 48 பிரேமுக்கு 270 டிகிரி ஷட்டர், கணக்குப் போட்டால் 1/64 நொடி. ஏன் இந்த விசித்திர எண்? அதே படத்தை ஒன்றுவிட்டு ஒரு பிரேமை நீக்கி 24ஆகவும் வெளியிட வேண்டியிருந்தது, பெரும்பாலான அரங்குகளில் அதுதான் ஓடியது. 180 டிகிரியில் எடுத்திருந்தால் 1/96 ஆகியிருக்கும், 24 பிரதி என் அக்கா மாடிப்படி இறங்கியது போலவே இருந்திருக்கும்.

ஜனவரி 16, இன்னொன்று

நண்பர் போகிற போக்கில் இரண்டாவது குண்டும் போட்டார். என் டிவி நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கும் ரகம். 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை. அரை தடவை காட்ட முடியாதே, அதனால் ஒரு பிரேம் இரண்டு தடவை, அடுத்தது மூன்று தடவை என்று நொண்டியடிக்கும். கேமரா பக்கவாட்டில் மெல்லத் திரும்பும் பேன் ஷாட்டில் அந்த நொண்டல் பளிச்சென்று தெரியும். 120 வகைத் திரையில் ஒவ்வொரு பிரேமும் சரியாக ஐந்து தடவை, பிரச்சினை இல்லை.

ஆக என் சோதனையில் 24 ஒரு காலில் ஷட்டர் அடிபட்டு, மறு காலில் டிவி அடிபட்டு ஓடியிருக்கிறது. 60 ஜெயித்ததில் ஆச்சரியமில்லை.

ஜனவரி 22

"எல்லாம் டிஜிட்டல் வந்த பிறகு கிளம்பிய கூத்து" என்று எழுதியவருக்கு: இல்லை. டாட்-ஏஓ என்ற அகலப்பட முறையில் 1955இல் வந்த ஓக்லஹோமா 30 பிரேம். அந்தப் படத்தை 30க்கு ஒரு தடவை, சாதாரண அரங்குகளின் 24க்கு ஒரு தடவை என்று இரண்டு முறை படம் பிடித்தார்கள். நடிகர்கள் என்ன பாவம் செய்தார்களோ.

அதைவிட எனக்குப் பிடித்த கதை ஹாலிவுட்டின் சிறப்புக் காட்சி நிபுணர் டக்ளஸ் ட்ரம்புல். 1970களில் வெவ்வேறு வேகத்தில் படங்களை ஓட்டி, பார்ப்பவர்கள் உடம்பில் மின்முனைகளை ஒட்டி, எந்த வேகத்தில் அதிகம் பரபரக்கிறார்கள் என்று அளந்தார். கடைசியில் 70 மில்லிமீட்டர் ஃபிலிமில் 60 பிரேம் என்று முடிவு செய்து ஷோஸ்கேன் என்று பெயர் வைத்தார். பிரெயின்ஸ்டார்ம் (1983) படத்தில் நிஜ வாழ்க்கையைச் சாதாரண 24இலும், ஒருவர் மூளையில் பதிவான அனுபவத்தை இன்னொருவர் காண்பதை 60இலும் காட்டத் திட்டமிட்டிருந்தார். அரங்குகளில் கருவியை மாற்ற வேண்டியிருந்ததால் நடக்கவில்லை. ஷோஸ்கேன் பிறகு கேளிக்கைப் பூங்காக்களில் ஆடும் நாற்காலியோடு சேர்ந்த குறும்படங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

இதை எழுதும்போதுதான் உறைத்தது. அவர் கதையில் சாதாரண வாழ்க்கைக்கு 24, அதைவிடத் தூக்கலான அனுபவத்துக்கு 60. 60 என்பது நிஜம் என்று நாம் சொல்கிறோமே, அவரோ நிஜத்தைக் காட்டவே 24 போதும் என்று வைத்திருக்கிறார். இதை இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 5

கொஞ்சம் திசை மாறுகிறேன். அக்கா புது டிவி வாங்கியிருக்கிறார். பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, நேற்றுச் சாயங்காலம் யாரோ வீடியோ எடுத்து வந்ததுபோல இருந்தது. காரணம் மோஷன் ஸ்மூத்திங். இரண்டு பிரேமுக்கு நடுவில் என்ன இருந்திருக்கும் என்று டிவியே ஊகித்து, இல்லாத பிரேமைச் செய்து செருகுகிறது. யாராவது கையை வேகமாக வீசினால் விரல்களைச் சுற்றி ஒரு நீர்க்கோடு மாதிரி கலங்கும், பாருங்கள். அந்த இடத்தில் ஊகம் தப்பிவிட்டது என்று அர்த்தம். 2018இல் டாம் குரூஸ் படப்பிடிப்பு நடுவில் நின்றுகொண்டு "தயவுசெய்து அதை அணைத்துவிட்டுப் பாருங்கள்" என்று வீடியோ போட்டார். அடுத்த ஆண்டு இதையெல்லாம் ஒரே அழுத்தில் அணைக்கும் ஃபிலிம்மேக்கர் மோட் என்பதை அறிவித்தார்கள்.

நான் அணைத்தேன். மறுவாரம் போனால் மறுபடி ஓடிக்கொண்டிருக்கிறது. அக்காவுக்கு அது பிடித்திருக்கிறது. ஒரு வீட்டுக்குள் ரிமோட் யுத்தம்.

இங்கே பலர் 48 பிரேம் படத்தையும் இந்த டிவி வேலையையும் ஒன்றாகப் போட்டுத் திட்டுகிறீர்கள். ஒன்றில் எல்லாப் பிரேமும் கேமரா பார்த்தது, மற்றதில் பாதிக்கு மேல் டிவி இட்டுக்கட்டியது. ஆனால் இரண்டையும் பார்த்து வாயில் வருவது அதே "சீரியல் மாதிரி". அதற்குக் காரணம் இருக்கிறது. டிவி ஸ்டுடியோ வீடியோ கேமராக்கள் நொடிக்கு 50 அல்லது 60 தடவை நகர்வைப் பதிவு செய்தன. செய்தி, நேரலை, தொடர் எல்லாம் அப்படி வந்தன. காசு செலவழித்து எடுத்த சினிமா மட்டும் 24. ஆகவே பல பத்தாண்டுகளாக நம் மூளை படித்த பாடம்: வழவழப்பு என்றால் மலிவு, லேசான அதிர்வு என்றால் பெரிய படம். பழக்கதோஷக் கட்சிக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது.

பிப்ரவரி 6

ஆமாம், அக்கா இந்த இழையைப் படிக்கிறார். இல்லை, ரிமோட்டைத் தர மாட்டாராம்.

பிப்ரவரி 19

கட்சி மாறலாமா என்று யோசிக்கிறேன். காரணம் அக்கா மகள், வயது 14.

கேள்வி கேட்டவர் சொன்ன "அடுத்த தலைமுறை" அவள்தான். டிவி சீரியல் பார்த்தே வளராதவள். கேமில் 60க்குக் கீழே இறங்கினால் முகம் சுளிப்பாள், 30இல் ஓடும் கேமைத் தொடவே மாட்டாள். நம் கணக்குப்படி அவளுக்கு 60 பிரேம் சினிமா தேனாக இனிக்க வேண்டும். 2019இல் இயக்குநர் ஆங் லீயின் ஜெமினி மேனை 60 பிரேம் 3டியில் நாங்கள் ஒன்றாகப் பார்த்திருந்தோம், படம் எடுத்தது 120இல், ஆனால் அப்படியே காட்ட வசதியுள்ள அரங்குகள் மிகக் குறைவு. அதைப் பற்றி இப்போது கேட்டேன். பைக் துரத்தல் சூப்பர் என்றாள், அதில் நானும் அவளும் ஒரே கட்சி. பேசும் காட்சிகள்?

"கட்சீன் மாதிரி இருந்துச்சு மாமா."

கேமில் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கதை சொல்லும் துண்டு இருக்குமே, அதுதான் கட்சீன். நமக்குச் சீரியல், அவளுக்குக் கட்சீன். ஒப்பிடும் பொருள் மாறிவிட்டது, ஒட்டாத உணர்ச்சி அப்படியே இருக்கிறது. வெறும் பழக்கம் என்றால் அவளிடம் இது இருக்கவே கூடாது. சரி, கேமில் மட்டும் ஏன் 60 கேட்கிறாய் என்றேன். "அது நான் ஓட்டுறது. பட்டனை அழுத்தினா உடனே நடக்கணும். படத்துல நான் சும்மாதானே உக்காந்திருக்கேன்." இத்தனை நாள் கேமைக் காட்டி 60க்கு வாதாடியவர்களுக்கு (நான் உட்பட) ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டாள்.

அதோடு அவளே நினைவுபடுத்தியது இன்னொன்று. ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ் (2018). அதில் காட்டுக்குள் இருவரும் தாவும் காட்சியில், கற்றுக்குட்டிப் பையன் மைல்ஸின் அசைவு நொடிக்கு 12 நிலைகள்தான், கைதேர்ந்த பீட்டருக்கு 24. ஒரே திரையில் இருவர், இரண்டு வேகம், பையன் தடுமாறுகிறான் என்பது வசனம் இல்லாமலே புரிகிறது. "பிரேம் குறைவு" என்று அரங்கில் ஒருவரும் புகார் செய்யவில்லை. குறைவு என்பது எப்போதும் குறை இல்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 20

ஒரு பெண்ணை வைத்துத் தலைமுறையையே தீர்மானிக்கிறேன் என்று சரியாகவே குட்டியிருக்கிறீர்கள். அவளும் கேமுக்கு நடுவே 24 பிரேம் படங்கள் பார்த்துத்தான் வளர்ந்தாள் என்பதும் உண்மை. கலப்படமில்லாத சாட்சி எங்கும் கிடைக்காது.

மார்ச் 12

இடையில் மூன்று வாரம் இதே நினைப்பு. எனக்கு இப்போது தோன்றுவதைச் சொல்கிறேன், பிறகு மாற்றிக்கொண்டாலும் கொள்வேன்.

ஃபிலிம் புரொஜெக்டரில் ஒவ்வொரு பிரேமும் ஒரு தடவை மட்டும் மின்னவில்லை. இரண்டு இதழ் ஷட்டர் என்றால் இரண்டு தடவை, மூன்று இதழ் என்றால் மூன்று தடவை, ஆக நொடிக்கு 48 அல்லது 72 மின்னல், திரை துடிப்பதைக் கண் உணராமல் இருக்க. நடுவில் ஷட்டர் மூடியிருக்கும் நேரமெல்லாம் திரை இருட்டு. கிட்டத்தட்டப் பாதி நேரம் இருட்டு. இரண்டரை மணி நேரப் படத்தில் ஒரு மணிக்கு மேல் நாம் ஒன்றுமில்லாததைப் பார்த்துக்கொண்டு காசு கொடுத்திருக்கிறோம்! அந்த இருட்டையும் பிரேம் இடைவெளியையும் நம் மூளைதான் நிரப்பியது. நடிகர் பாதி, நாம் பாதி.

48, 60, 120 என்று ஏற ஏற நம் பங்கு குறைகிறது. திரை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அப்போது என்ன தெரிகிறது? காட்டையும் கடலையும் காட்டினால் காடும் கடலும். நடிப்பைக் காட்டினால் நடிப்பு. அடுத்த வசனத்துக்குக் காத்திருக்கும் கண், வைத்த இடத்தில் வந்து நிற்கும் கால், ஒட்டுத்தாடியின் ஓரம். ஆங் லீ இது புரிந்துதான் 2016இல் வந்த பில்லி லின் படத்தை 120 பிரேமில் எடுத்தபோது நடிகர்களுக்கு மேக்கப்பையே ஒதுக்கினார். மேக்கப்பை ஒதுக்கலாம். நடிக்காமல் நடி என்று எப்படிச் சொல்வது?

எதிர்வாதத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். இன்றைய டிஜிட்டல் புரொஜெக்டரில் அந்தச் சுழலும் ஷட்டர் கிடையாது, பழைய இருட்டும் கிடையாது. இருட்டுதான் மாயம் என்றால் இன்றைய 24 ஏற்கெனவே பாதி மாயத்தை இழந்திருக்க வேண்டும், ஆனாலும் அது சினிமாவாகவே தெரிகிறது. அதனால் இருட்டை விட்டுவிடுகிறேன். இடைவெளி, இழுபடல் இரண்டை மட்டும் பிடித்துக்கொள்கிறேன்.

பேன் ஷாட்டில் மட்டும் சமாதானம் கிடையாது. 24இல் ஒரு பொருள் திரையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போக ஏழு நொடியாவது எடுக்க வேண்டும் என்று ஒளிப்பதிவாளர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள், அதைவிட வேகமாகத் திருப்பினால் காட்சி பட்டைபட்டையாகத் துடிக்கும். 3டியில் இன்னும் மோசம், தலைவலியே வரும். அங்கே 48 வேண்டும். ஹாபிட்டில் மலைக்கு மேல் கேமரா பறந்ததெல்லாம் 24இல் என் கண்ணுக்குத் தாங்கியிருக்காது.

ஜூலை 23

சோதனையை ஒழுங்காகத் திரும்பச் செய்தேன். இரவல் கேமரா, என்.டி. ஃபில்டர், 24க்கு 1/48, 60க்கு 1/120, நண்பர் வீட்டில் 120 வகைத் திரை, ஸ்மூத்திங் அணைத்தாயிற்று. இந்தத் தடவை காட்சியையும் மாற்றினேன். அக்கா ஒரு கற்பனைக் கதையை நிஜம்போலச் சொல்வது ஒன்று. கேமரா ஓடுவது தெரியாமல், போன வாரம் ஏன் வரவில்லை என்று என்னிடம் விளக்குவது இன்னொன்று (பிறகு சொல்லி அனுமதி வாங்கினேன், திட்டும் வாங்கினேன்). 60இல் எடுத்துக்கொண்டு அதிலிருந்து 24 செய்ய முடியாது, கணக்கு உதைக்கும். அதனால் இரண்டு கேமரா பக்கத்தில் பக்கத்தில்.

என் எதிர்பார்ப்பு: 60இல் நடிப்பு காட்டிக்கொடுக்கும், நிஜம் அப்படியே நிற்கும். 24இல் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

அக்கா மகள் அப்படியேதான் சொன்னாள். 60இல் கற்பனைக் கதையை மூன்றாவது வாக்கியத்திலேயே பிடித்துவிட்டாள், 24இல் கடைசிவரை தெரியவில்லை என்றாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அம்மா நான்கையும் பொறுமையாகப் பார்த்தார். எதில் எது நிஜம் என்று கேட்டேன்.

"போன வாரம் வராததுக்கு அவ சொல்ற காரணமா? அதுவும் கதைதான். உனக்கு இது தெரியாதா?"

அக்காவிடம் கேட்டேன். சிரிக்கிறார், பதில் இல்லை. சோதனைக்கு இன்னொரு ஆள் தேடுகிறேன்.